ஓடாத கம்ப்யூட்டர்களும் என் மச்சான் அமல்தாஸும்

ஓடாத கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகிறவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. போன இடத்தில் எல்லாருக்கும் மிஷின் கவலை இருக்கும், நம் வயிற்றின் ஞாபகம் யாருக்கும் வராது. இது எங்கள் தொழிலில் நாங்களே வைத்துக்கொண்ட விதி. அதனால்தான் என் மச்சான் அமல்தாஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் நின்றபடியே பூரி கிழங்கு தின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு சுருள் புது ஒயர். சித்திரை வெயில் அந்த நேரத்திலேயே ஏறியிருந்தது.

நான் திண்டிவனத்திலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போக வேண்டும். அவன் கிளியனூரில் ஒரு அரிசி மில்லுக்குப் போக வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே புகார்தான்: நேற்று வரை ஓடிய மிஷின் இன்று ஆன் ஆகவில்லை. பாண்டிச்சேரி பஸ் நகர ஆரம்பித்ததைப் பார்த்ததும் பூரியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினான். படியில் தொற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்: "மாமா, அந்தக் கெழங்க நீங்க தின்னுடுங்க, வேஸ்ட் பண்ணிடாதீங்க!"

தின்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அவன் இல்லை.

நாங்கள் இரண்டு பேர் ஆனது

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் இரண்டுமாக வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். விழுப்புரத்தில் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்துக்கொண்டிருந்த நான், புத்தகத்தைப் பார்த்தும் மூடியைத் திறந்து பார்த்தும் இதையும் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. மெட்ராஸில் விற்றவர்களுக்கு இங்கே அனுப்ப ஆள் இல்லாததால் என்னிடம் வந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் வேலையே ஒரு ஜவுளிக்கடையில். மிஷின் சில நாள் காலையில் ஓடும், சில நாள் ஓடாது. நான் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இதே மாதிரி ஒன்றும் இல்லாத மிஷின் முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்த நேரத்து வியர்வை தெரியும். கடைசியில், வீட்டு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்த என் மனைவி செசிலியின் தம்பி அமல்தாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் மிஷினைத் தொடவே இல்லை. சுவரைத் தட்டிக்கொண்டே போய், முருகர் படத்துக்கு மேலே இருந்த சின்ன சிவப்பு பல்பின் முன்னால் நின்றான். கம்ப்யூட்டருக்கு இணைப்பு கொடுத்த யாரோ ஒரு புண்ணியவான், அந்தப் பல்பின் சுவிட்சிலிருந்தே இழுத்திருந்தான். கணக்கு எழுதுகிறவர் சிக்கனம் பார்த்து முருகரை அணைத்த நாட்களில் எல்லாம் கம்ப்யூட்டரும் அணைந்தது.

அன்று திரும்பி வரும்போது இருவரும் சேர்ந்தே இந்த வேலையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. யாருக்கு எது என்று அவனே பிரித்தான். "டப்பாக்குள்ள இருக்கிறது உங்களுது மாமா, சுவத்துக்குள்ள இருக்கிறது என்னுது. நடுவுல தொங்குற ஒயருக்குத்தான் நாதி கெடையாது."

சாமந்தி மாலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்களுக்கு வேலை நிச்சயம். விழுப்புரத்தில் ஒரு உரக்கடைக்காரர் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தடியான சாமந்தி மாலை ஒன்றைச் சுற்றிப் போட்டிருந்தார். காய்ந்து தானாக விழும் வரை கழற்றக் கூடாது என்று, மாலையோடே ஓட்டியிருக்கிறார். பின்னால் இருக்கும் சின்ன ஃபேனுக்குள் பூ இதழ் போய், சிறகு நின்று, சூடு வெளியேற வழியில்லாமல் பவர் சப்ளை கருகிவிட்டது. கருகின டப்பாவையும் அதற்குள்ளிருந்த பூவையும் எடுத்துக் காட்டினேன். அவர் வாசலில் நின்ற தன் வண்டியைக் கையால் காட்டினார். "இதே மாலதான் லாரிக்கும் போட்டேன். அது நேத்தே திருக்கோவிலூர் போய்ட்டு வந்துடுச்சே, இதுக்கு மட்டும் இன்னா வந்துச்சி?"

அமாவாசை வோல்டேஜ்

மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை என்றால் சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டத்தை நம்பி ஒருவர் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் ஜாதகம் என்று பலகை மாட்டியிருந்தார். பிறந்த நேரத்தைச் சொன்னால் கட்டம் அச்சாகி வரும். ஆனால் அமாவாசை அன்று ஊரெல்லாம் டியூப்லைட்டும் ஸ்பீக்கருமாக இருப்பதால், வோல்டேஜ் படுத்துவிடும். அன்றைக்கும் மிஷின் மெல்ல முனகி நின்றுவிட்டது.

மிஷினின் முதுகில் ஒரு சின்ன சிவப்பு பித்தான் உண்டு. நம் ஊர் கரண்டுக்கு ஒரு பக்கம், வெளிநாட்டில் பாதி அளவாக வருகிற கரண்டுக்கு இன்னொரு பக்கம். ஜோசியர் யோசித்திருக்கிறார். வருகிறதே பாதிதானே, பித்தானையும் பாதிக்கு வைப்போம் என்று தள்ளிவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. அவருக்குச் சந்தோஷம். எங்கேயோ ஒரு ஸ்பீக்கரை நிறுத்தியதும் வோல்டேஜ் திடுமென்று ஏற, பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், புகை, வரிசையில் நின்றவர்கள் ஓட்டம்.

நாங்கள் போனபோது ஊர் காலியாகியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெண் கல்யாணத்தை நம்பி வாங்கின மிஷின் என்று மட்டும் சொன்னார். அமல்தாஸ் எதற்கும் கிண்டல் செய்கிறவன், அன்று குனிந்து கருகின ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜோசியரே தான் பேசினார். "ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பாத்துச் சொல்றேன் சார். இந்தப் பித்தானத் தள்ளும்போது மட்டும் ஒரு நிமிஷம் பாக்காம உட்டுட்டேன்."

குழாய்க்கு ஒரு குடம்

கிளியனூர் மில்லுக்கு முதல் தடவை போனதும் ஒரு கோடையில்தான். ஆபீசில் ஒரு பல்பு அழுது வடிந்துகொண்டிருந்தது. ஃபேன் சுற்றுவதை எண்ணிவிடலாம். மிஷின் மட்டும் ஆன் ஆகாது. அங்கே கணக்குப் பிள்ளையாக இருந்த சுந்தரமூர்த்தி என்பவர்தான் மிஷினை ஓட்டுகிறவர், ஆள் சாது.

கரண்ட் ஒரு ஒயரில் வந்து இன்னொரு ஒயரில் திரும்பிப் போக வேண்டும். அந்த ஆபீசில் திரும்பிப் போகிற ஒயர் எப்போதோ அறுந்துவிட்டது. அதைச் சரி செய்வதற்குப் பதிலாக, ஆபீசுக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாயை மண்ணில் அடித்து, ஒயரை அதில் முறுக்கிவிட்டிருந்தார்கள். கரண்ட் மண் வழியாகவே திரும்பிப் போய்விடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது சாதாரணம். பல்பு எரியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கோடையில் மண் காய்ந்தால் கரண்ட் போகிற வழி குறுகிவிடும். அரைகுறை கரண்டில் பல்பு எரிந்துவிடும், கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

அமல்தாஸ் ஒரு குடம் தண்ணீரில் இரண்டு கை உப்பைப் போட்டுக் கலக்கி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, குழாயைச் சுற்றி ஊற்றினான். மெயினை ஏற்றியதும் உள்ளே மிஷின் 'பீப்' என்று கத்தி எழுந்தது. மில்லே ஆபீஸ் வாசலில் கூடிவிட்டது. சுந்தரமூர்த்தி என்னிடம் பணிவாகக் கேட்டார். "அப்போ காலைல துளசிச் செடிக்கு ஊத்துறப்போ, இதுக்கும் ஒரு கொடம் ஊத்திக்கினே இருந்தா ஓடுங்களா?"

எரியுதுல்ல?

சுந்தரமூர்த்தியின் குடத்தில் அந்த மிஷின் இரண்டு கோடை ஓடியது. எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது கொஞ்ச நாள்தான். ஒருமுறை மிஷினின் தகரத்தைத் தொட்டபோது என் விரல் சுரீரென்றது. அமல்தாஸ் முகம் மாறிவிட்டது. அந்தக் குழாய் ஒயர் எங்கேயாவது விட்டுப்போனால், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் முழுவதும் அந்த ஒயரிலேயே நிற்கும். தொட்டவன் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். இதை அவன் மில் முதலாளியிடம் விளக்கிச் சொன்னான். தெருக் கம்பத்திலிருந்து முறையாக ஒரு ஒயர் இழுத்தால் போதும், அரை நாள் வேலை என்றான்.

முதலாளி கெட்டவர் இல்லை. மோர் கொடுத்தார். அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்ததும் நெல் வருகிற நேரம், மில்லை நிறுத்த முடியாது என்றார். அப்புறம் மழை. அமல்தாஸ் விடவில்லை; பார்க்கும்போதெல்லாம் கேட்டான், கடைசியில் கத்தினான். "மொதலாளி, இனிமே கொழாய்க்குத் தண்ணி ஊத்துறதுக்கு என்னக் கூப்டாதீங்க. புது ஒயரு இழுக்கறதா இருந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க, ஜல்தியா வர்றேன்."

முதலாளி அண்ணாந்து அந்த மங்கல் பல்பைக் காட்டினார். "எரியுதா இல்லியா? எரியுதுல்ல? அப்புறம் எதுக்கு தம்பி பேஜாரு பண்றே?"

இடமா வலமா

அந்தச் சித்திரையில் முதலாளியே சொல்லி அனுப்பிவிட்டார். மிஷின் சுத்தமாக ஆன் ஆகவில்லை, எத்தனை குடம் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை, தம்பி சொன்ன மாதிரியே புது ஒயர் போட்டுவிடட்டும் என்று. அமல்தாஸுக்கு அதில் ஒரு ஜெயித்த சந்தோஷம். காலையில் செசிலியிடம், "அக்கா, கெழவன் வழிக்கு வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் சுருளைத் தோளில் மாட்டினான். அன்றைக்குத்தான் திண்டிவனத்தில் நாங்கள் பிரிந்தது.

நான் போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர் பாலசுந்தரம் சார். நாலு டைப்ரைட்டருக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதற்கு மட்டும் திரை போட்டிருந்தார். பவர் சப்ளையைத் திறந்தேன். உள்ளே சூட்டுக்காகப் போய்ப் படுத்த பல்லி ஒன்று, இரண்டு முனைக்கு நடுவில் குறுக்காக விழுந்து, ஓலை மாதிரி காய்ந்திருந்தது. ஃபியூஸ் போயிருந்தது. பல்லியை இடுக்கியால் எடுத்துப் போட்டு, ஃபியூஸை மாற்றினேன். மிஷின் எழுந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பாலசுந்தரம் சார் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார். "அது இருக்கட்டும் சார். பல்லி இடது பக்கமா உழுந்து கெடந்துச்சா, வலது பக்கமா? பலன் பாக்கணும், சரியா சொல்லுங்க."

கரண்ட் இல்லாத நேரம்

நான் பதில் சொல்வதற்குள் அவர் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. எடுத்தவர், எனக்குத்தான் என்று நீட்டினார். மறுமுனையில் சுந்தரமூர்த்தி; நான் இருக்கிற இடத்தை அமல்தாஸ் அவரிடம் சொல்லியிருந்திருக்கிறான். அழுகையில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. 'ஒடனே வாங்க' மட்டும் புரிந்தது.

நடந்ததை அப்புறம் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அமல்தாஸ் போனபோது ஆபீசில் பல்பு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. மில் மோட்டாருக்கான கரண்ட் முறை வைத்து வருகிற காலம் அது. அந்நேரம் மோட்டாரும் நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அமல்தாஸ், "நல்லதாப் போச்சு. கரண்ட் வர்றதுக்குள்ள பழச அவுத்துப் போட்டுட்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போயிருக்கிறான்.

கரண்ட் போகவில்லை. குழாயில் முறுக்கியிருந்த ஒயர், துரு தின்று விட்டுப்போயிருந்தது. பல்பும் ஃபேனும் மிஷினும் எழாததற்கு அதுதான் காரணம். கரண்ட் மூன்றின் வழியாகவும் வந்து, போக வழியில்லாமல் அந்த அறுந்த நுனியில் நின்றுகொண்டிருந்தது. சுந்தரமூர்த்தி அன்று காலையிலும் குடம் ஊற்றியிருந்ததால் மண் சேறாகக் கிடந்தது. அமல்தாஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேற்றில் இறங்கி, ஒயரைக் கையில் பிடித்திருக்கிறான்.

மெயினை இறக்கினானா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இறக்கவில்லை. கரண்ட் இல்லாத இடத்தில் மெயினை இறக்கிவிட்டு வேலை பார்க்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் போய் இறங்கியபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நிற்கவே இல்லையாம். மில்லிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நெல் காய வைக்கிற களத்தில், சாக்கைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். சுந்தரமூர்த்தி என் காலருகில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "எல்லாம் நின்னு கெடந்துச்சுங்க. கரண்ட் இல்லன்னுதாங்க நெனச்சோம். இல்லன்னுதாங்க நெனச்சோம்."

செசிலி கேட்டது

விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில் அவனை வைத்தோம். மில் முதலாளி வந்திருந்தார்; கடைசி வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வாரமே வேறொரு ஆளை வைத்துப் புது ஒயர் இழுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அமல்தாஸ் கொண்டுபோன சுருளே போதுமானதாக இருந்ததாம்.

கொஞ்ச நாள் கழித்து சுந்தரமூர்த்தி மில் வண்டியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். மிஷின் அடித்துத்தான் ஆள் செத்தான் என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம். மில்லில் யாரும் அதன் கிட்டே போவதில்லை, துடைக்க வருகிறவள் அந்த அறைக்கே வர மாட்டேன் என்கிறாளாம். "மொதலாளி இத ரிப்பேர் பாத்து வெக்கச் சொன்னாருங்க. அவசரம் இல்லன்னாரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

ரொம்ப நாள் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், வீட்டில் வேறு வேலை இல்லாத நேரம், துணியை எடுத்துவிட்டு பிளக்கைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். உடனே 'பீப்' என்றது. பச்சை எழுத்து வந்தது. மூடியைக் கழற்றி, வழக்கப்படி எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு முனைகூடத் தளரவில்லை.

சத்தம் கேட்டு செசிலி சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். அமல்தாஸ் போனதிலிருந்து அவள் இந்த அறைக்குள் வந்ததில்லை.

"ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

"இதுல ரிப்பேரே இல்ல செசிலி. நல்லாத்தான் இருக்குது."

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சா?"

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்திருக்குது."

திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒயர், குழாய், மண் எல்லாம் அவளுக்கு நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டாள். "ஒண்ணுமே இல்லாத மிஷினுக்கா எந்தம்பியக் கூப்ட்டாங்க?"

செசிலியும் போய்ப் பல வருஷமாகிறது. மில்லிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை. இத்தனை கால வேலையில், பழுதே இல்லாமல் என்னிடம் வந்து திரும்பிப் போகாமலே தங்கிவிட்ட மிஷின் அது ஒன்றுதான், சுவிட்சைப் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது.